கரண்ட் போனால் அர்த்தம்

பாத்ரூமின் தகரக் கதவில் அனுசுயா இன்றைக்கு நான்கு எழுத்துகளை எழுதியிருக்கிறாள்: தி, ந், சா, ம. எழுதிவிட்டு சாக்பீஸை இடுப்பில் செருகிக்கொண்டு, கொஞ்சம் பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். கலைத்தது போதும் என்று தோன்றியதும் அடுப்படிக்குப் போய் அரிசி களைகிறாள். அவள் உலை வைத்து முடிப்பதற்குள் புருஷன் கோதண்டம் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய், திரும்பி வந்து, டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அனுசுயா கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பாள். எழுத்துகள் எழுதியபடியே இருக்கும். அடியில் ஒரு புள்ளிகூட விழுந்திருக்காது.

எழுத்துகளைச் சேர்த்தால் சாமந்தி. அதற்குள் மந்தி இருக்கிறது, சாந்தி இருக்கிறது, மதி இருக்கிறது, சாதியும் எங்கேயும் போல உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பூவைக் கலைத்தால் குரங்கும் நிலாவும் கிடைக்கின்றன. அதைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் குளிக்கப் போகிற மனுஷரை என்ன செய்வது?

“அத்தே, வூட்டுக்கு வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? பாத்ரூம் கதவுல போயி எழுதி வெச்சிகிறீங்களே” என்பாள் மருமகள் தேவகி. தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் எழுத்துக்கு நடுவிலேயே நிற்கிறவளுக்கு, வீட்டுக்கு வந்தாலும் எழுத்து என்றால் அலுப்பாகத்தானே இருக்கும். சாயந்திரம் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிடுவாள். அனுசுயா அதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. துடைத்த கதவு மறுநாள் எழுதத் தோதாக இருக்கிறது.

மகன் குமரவேல் காலை லோக்கல் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறவன். “விடு தேவகி, அம்மாவுக்கும் பொழுது போவணும்ல” என்பான். பொழுதுபோக்கு என்று அவன் சொல்வதுதான் அனுசுயாவுக்குச் சுருக்கென்று தைக்கும். இது பொழுதுபோக்கு இல்லை. அவளும் அவள் புருஷனும் வாழ்நாள் முழுக்கப் பேசிய பேச்சு.

அவர்கள் தறி ஓட்டிய அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஷெட்டுக்குள் ஒருமுறையாவது போய் நின்றவர்களுக்கு இது புரியும். வரிசையாகத் தறிகள். எல்லாத் தறியிலும் ஊடுநூலை இழுத்துப் போகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிற ஆள் தொண்டை கிழியக் கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைத் தெரிந்துகொள்வார்கள். மீதிப் பாதி கை ஜாடை. நூல் அறுந்ததா, தார்க்குச்சியில் நூல் தீர்ந்ததா, டீ வந்ததா என்பதற்கெல்லாம் ஜாடை போதும். கல்யாணமான புதிதில், பக்கத்துப் பக்கத்துத் தறியை ஓட்டுகிற புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அது போதுமா?

துணியில் குறி போட எல்லோர் கையிலும் சாக்பீஸ் இருக்கும். ஒரு நாள் கோதண்டம் தன் தறிகளைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தவர், இருவர் வழியும் சேருகிற இரும்புத் தூணில் மூன்று எழுத்துகளை எழுதிவிட்டுப் போனார்: டை, வா, பா. அனுசுயா அந்தப் பக்கம் வந்தபோது பார்த்தாள். பாவாடை என்று உடனே தெரிந்துவிட்டது. அதோடு விட மனசு வரவில்லை. அடுத்த சுற்றில் அடியில் ‘வாடை’ என்று எழுதினாள். அதற்கடுத்த சுற்றில் ‘பாடை’. புது மாப்பிள்ளைக்கு முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே அவர் தறியைச் சுற்றி வந்தார். கடைசியில்தான் அவளுக்குப் பிடிபட்டது. எழுதினாள்: ‘பாவா’.

அவர் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயசிலிருந்து பாவா, பாவா என்று பின்னாலேயே ஓடியவள், தாலி கட்டியதும் வெட்கம் வந்து அப்படிக் கூப்பிடுவதையே நிறுத்தியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையை வரவழைக்கத்தான் மனுஷர் ஒரு பாவாடையைக் கலைத்துப் போட்டிருக்கிறார்.

அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போனது. ஷெட் மொத்தமும் திடீரென்று ஓய்ந்தது. அடுத்த வரிசைத் தறிக்காரர் துரைக்கண்ணு தூணைப் படித்துவிட்டுப் பஞ்சாயத்துக்கு வந்தார். “பாவா தெலுங்குமா. தமிழ் வெளையாட்டுல அது செல்லாது.”

“ஐய! எங்க வூட்ல அது தமிழுதான்” என்றாள் அனுசுயா. இன்றைக்கும் அவளுக்கு எது தமிழ், எது தெலுங்கு என்பதில் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. எல்லையோரத்தில் பிறந்தவர்களிடம் அந்தக் கணக்கைக் கேட்கக் கூடாது.

அன்றைக்குத்தான் சட்டம் போட்டார்கள். தறி ஓடும்போது சொல். கரண்ட் போனால் அர்த்தம். சொல்லைச் சாக்பீஸால் எழுதிவிடலாம், அர்த்தத்தை வாயால்தானே சொல்ல முடியும்? எழுதியவர் ஒருவர் என்றால் கண்டுபிடித்து அர்த்தம் சொல்வது மற்றவர். அர்த்தம் தெரியாத சொல் கணக்கில் வராது. ஒருமுறை கொடுத்த சொல்லை மறுபடி கொடுக்கக் கூடாது. கரண்ட் வந்துவிட்டால் அந்தச் சொல் அதோடு முடிந்தது. பாதியில் நின்ற அர்த்தம் பாதிதான். தோற்றவர் போய் எல்லோருக்கும் தூக்குவாளியில் டீ வாங்கி வரவேண்டும்.

அர்த்தம் சொல்வது என்றால் ஒற்றை வரியில் முடிகிற காரியம் இல்லை. விசைத்தறி என்ற சொல்லில் தசை இருக்கிறது என்று கண்டுபிடித்த நாளில், தன் தோள்பட்டை வலிப்பதை முதல்முதலாக அவரிடம் சொன்னாள். மாதவரம் என்று எதிரில் நின்ற லாரியில் எழுதியிருந்ததைக் கலைத்ததில் மாதம் வந்தது, வரம் வந்தது, தவம் வந்தது. மாதத்துக்கு அர்த்தம் சொல்லும்போதுதான், தனக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்பதைச் சொன்னாள். குமரவேல் வரப்போகிற சேதியை அவன் அப்பா கேட்டது அப்படித்தான், ஒரு மின்வெட்டில், துரைக்கண்ணு உட்பட ஷெட்டே கேட்க.

பிறகு நாள் முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்த அந்த வருஷங்கள் வந்தன. தமிழ்நாடே திட்டித் தீர்த்த வருஷங்கள். தறி நின்றால் கூலி நின்றது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அனுசுயாவும் எல்லோரோடும் சேர்ந்து திட்டியவள்தான், அதை அவள் மறைப்பதில்லை. ஆனால் இப்போது கேட்டால் சொல்கிறாள்: “வவுறு காஞ்சிது, வாஸ்தவம்தான். ஆனா அந்த வருசத்துல பேசின மாரி நாங்க எப்பவும் பேசினதில்ல.” சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மின்வெட்டை நினைத்து ஏங்குகிற ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் இவளாகத்தான் இருப்பாள்.

தறிகள் இன்றைக்கும் அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இவர்கள்தான் வந்துவிட்டார்கள். அவளுக்கு முட்டி போனது, அவருக்குக் காது போனது. போன வருஷ ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த பிறகு, குமரவேல் ஒரு வண்டியில் சாமான்களை ஏற்றி இரண்டு பேரையும் திருத்தணிக்கு அழைத்து வந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு. மாடி ஏறினால் மலையும் கோபுரமும் தெரியும். வந்த மறுநாள் காலையில், தகரக் கதவைக் கண்டதும் அனுசுயாவுக்குக் கை துறுதுறுத்தது. ம், ர, க, ந என்று எழுதினாள். நகரம். அதற்குள் நகம், கரம், ரகம். எல்லா எழுத்தையும் போட்டு வேறு மாதிரி அடுக்கினால் நரகம். பாவா இதற்கு விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறார் என்று ஆசையாகக் காத்திருந்தாள்.

பாவா சிரிக்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொள்வார். டிவியை எல்லோர் காதும் அடைக்கிற அளவுக்கு வைத்துக்கொண்டு, அதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். மகன் வாங்கிக் கொடுத்த காது மிஷின் அலமாரியில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. “அதப் போட்டா நூறு தறி காதுக்குள்ளயே ஓடுது” என்று கழற்றி வைத்துவிட்டார்.

“டவுன்ல யாரும் மூஞ்சிய காட்டிப் பேசறதில்ல” என்பது அனுசுயாவின் குறை. “போனப் பாத்துகினே பேசறாங்க. அவுரு ஒதட்டத் தேடறாரு. ஒதடு எங்க தெரியுது? அப்பறம் கத்தறாங்க. கத்துனா அவுரு, நம்மளத் திட்டறாங்கன்னு நெனச்சிக்கறாரு.”

ஒருநாள் அவரையே நேருக்கு நேர் கேட்டுவிட்டாள். “இன்னா பாவா, கதவ ஏன் பாக்க மாட்ற?”

“சும்மா குந்திகினு கீறவனுக்கு இன்னா வெளையாட்டு?” என்றார். வேலைக்கு நடுவில் ஆடுவதுதான் ஆட்டம், வேலையில்லாமல் ஆடினால் அது குழந்தைக்குக் கொடுக்கிற கிலுகிலுப்பை. அதில் நியாயம் உண்டு. ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரியாதா?

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. கதவில் ஒரு பதில். ஒரே ஒரு சொல். அது வந்துவிட்டால் பாவா திரும்பி வந்துவிடுவார், வராவிட்டால் மீதிக் காலம் இப்படியே டிவி சத்தத்தில் போய்விடும். இந்தப் பயம் அவளுக்கு உண்மையான பயம். அதனால்தான் ஒரு நாளும் விடாமல் எழுதுகிறாள்.

இதற்கு நடுவில் அவளுக்கு ஒரு பண்டிகையும் உண்டு. மாதம் ஒருமுறை பராமரிப்புப் பணிக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள் அல்லவா, அந்த நாள். பக்கத்து வீட்டு மனோன்மணிதான் செய்தி சொல்வாள். “யக்கா, நாளைக்கு ஷட்டவுனாம். மாவு அரைக்கறதா இருந்தா இப்பவே அரைச்சுக்க.” தெருவே டேங்க்கில் தண்ணீர் ஏற்றுவதும் போனுக்குச் சார்ஜ் போடுவதுமாக அலைபாயும். அனுசுயா தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு காத்திருப்பாள். கரண்ட் போனால் அர்த்தம் சொல்லத்தானே வேண்டும், சட்டம் சட்டம்தானே என்று ஒரு நப்பாசை. ஆனால் ஃபேன் நின்றதும் கோதண்டம் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். ஊர்ப் பக்கத்து ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் வருகிற இடத்தில் நின்று, இறங்குகிறவர்களில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பூ வாடியதுதான் அவளுக்கு மிச்சம்.

இந்த ஐப்பசி ஷட்டவுனுக்கு முதல் நாளிலிருந்தே தூறல். மகனும் மருமகளும் குடையோடு கிளம்பிப் போனார்கள். ஒன்பது மணிக்கு ஃபேன் நின்றது, டிவி அணைந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர் வீட்டு மோட்டார் எல்லாம் அடங்கி, தெருவில் மழை மட்டும் கேட்டது. கோதண்டம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய், மழையைப் பார்த்துவிட்டு, சலிப்போடு கொல்லைப் பக்கம் திரும்பினார். அனுசுயா வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் எழுதியிருந்தது மூன்றே எழுத்து: ரை, தா, ம. எழுதி எழுதிச் சொற்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன. காலையில் எதிர்வீட்டு வாசலில் பெயிண்டில் போட்ட கோலத்தைப் பார்த்ததும் தாமரை என்று தோன்றியது, எழுதிவிட்டாள்.

“ஏ அனுசு!”

தறி ஓடும்போது கூப்பிடுகிற குரல். மனோன்மணி வீட்டு ஜன்னல் பட்டென்று திறந்து மூடியது. அனுசுயா முறத்தை அப்படியே போட்டுவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கோதண்டம் கதவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இது ஆனது” என்றார்.

“எது ஆனது?”

“தாமர. இது எப்பவோ குடுத்துட்ட. குடுத்ததையே மறுபடி குடுக்கறது இன்னா நாயம்?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். “அப்ப தினம் படிச்சிகினுதான் இருந்தியா பாவா?”

“கண்ணு நல்லாத்தான கீது? போன வாரம் சாமந்தி. அதுக்கு மின்ன கோபுரம். கோபுரத்துல ரம் கீதுன்னு சொன்னா நீ திட்டுவ.”

கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. கொல்லைப்புறத்தில், பட்டப்பகலில், இந்த வயசில் அதெல்லாம் முடியுமா? “தாமர நான் எப்பக் குடுத்தேன்?” என்று சண்டைக்குப் போனாள். சண்டை நீளட்டும் என்று இருந்தது.

“குமரவேலு உன் வவுத்துல கீறப்ப. மோட்டாராண்ட தூணு. மரைன்னா போல்ட்டுல சுத்திகினு போறதுன்னு சொன்னேன். உனுக்கு அதான் கழண்டுகீதுன்னு துரைக்கண்ணு சிரிச்சான். அப்பறம் தாரை. அதுக்கு அர்த்தம் சொல்ல வாயத் தொறந்தேன், கரண்ட் வந்துட்ச்சி.”

அவளுக்கும் இப்போது நினைவு வந்தது. அவர் ஏதோ பெரிதாகச் சொல்ல மூச்சை இழுத்ததும், அத்தனை தறியும் ஒன்றாக இரைந்ததும், அவர் கையை விரித்துக்கொண்டு போய்விட்டதும். அடுத்த தடவை வேறு சொல். பாதியில் நின்றது பாதிதான்.

“இப்ப சொல்லேன்” என்றாள். கையைப் பிடித்து வாசற்படிக்கு அழைத்து வந்தாள். உட்கார்ந்தார்கள். கோதண்டம் ஒரு வேர்க்கடலையை எடுத்து விரலால் நசுக்கினார். அதை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“தாரைன்னா, கண்ணாலத்துல தண்ணிய ஊத்திப் பொண்ணக் குடுக்கறது. மாமா எனக்கு வாத்துக் குடுக்கறப்ப அவுரு கையி நடுங்கிச்சி. தண்ணி பூரா என் வேட்டில. எல்லாரும் சிரிக்கறாங்க. அப்ப குனிஞ்சி என் காதாண்ட சொன்னாரு. ‘கோதண்டா, எம்பொண்ணு நெறையப் பேசும். நீ நகை நட்டு ஒண்ணும் வாங்கித் தர வாணாம். காது குடுத்துக் கேட்டுக்க, அது போதும்’னாரு. ஆங்னு தலையாட்டிட்டேன்.”

அனுசுயாவின் அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. தன் பேச்சைப் பற்றி அவர் கவலைப்பட்டார் என்பதே தெரியாது.

“அந்தக் காதத்தான் தறிக்குக் குடுத்துட்டேன்” என்றார் கோதண்டம். துண்டால் காதைத் தேய்த்துக்கொண்டார். “இங்க வந்தப்பறம் நீ பேசறதுல பாதி வர்ல. நான் ஒண்ண எழுதினா நீ அர்த்தம் கேப்ப. நீ ஒண்ணு சொல்லுவ. கேக்காமயே கேட்ட மாரி தலையாட்டறது பொய் தான? மாமாகிட்ட ஆங்னு சொல்லிட்டு, உங்கிட்ட எப்டி ஏமாத்தறது? வெக்கமா கீது.”

அவளுக்கு அழுகை வந்தது. வந்ததை அவள் அடக்கவும் இல்லை. ஒரு வருஷமாகத் தன்னை வேண்டாம் என்றுதான் இந்த மனுஷர் ஒதுங்கிக் கிடக்கிறார் என்று நினைத்து எத்தனை ராத்திரி புரண்டு படுத்திருக்கிறாள்! மூக்கைச் சிந்திவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

“இப்ப நான் பேசறது கேக்குதா?”

“இப்ப கேக்குது. ஃபேனு இல்ல, டிவி இல்ல. நல்லாவே கேக்குது.”

“அப்ப இனிமே என் மொறை. ஒரு வருசத்துது சேந்துகீது பாவா” என்று ஆரம்பித்தாள். மகன் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரின் ருசியில் ஆரம்பித்து, தேவகி நல்லவள்தான் என்பதற்குப் போய், மலையேறிச் சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டாள் என்பதற்கு வந்தாள். கோதண்டம் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இடையில் இரண்டு கேள்வி கேட்டார். ஒரு தடவை சிரிக்கக்கூடச் சிரித்தார். உரித்த கடலையெல்லாம் பேச்சு வாக்கில் தீர்ந்தது. வேண்டுதலில் பாதியைத்தான் சொல்லியிருப்பாள்.

டக்கென்று ஃபேன் சுழன்றது. காலையில் அணைக்காமல் விட்ட டிவி, நடுக்கூடத்தில் யாரோ சோப்பு விற்கிற குரலில் அலறியது. “இன்னா, சீக்கிரமே குடுத்துட்டானுங்க!” என்று மனோன்மணி தன் வீட்டிலிருந்து சந்தோஷமாகக் கூவினாள்.

கோதண்டம் காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டார். “கரண்ட் வந்துட்ச்சி” என்று சொல்லி, மடியில் கிடந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்திருக்கப் போனார்.

அனுசுயா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கிற பெட்டியைத் திறந்து, மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள். டிவி வாயை மூடியது. ஃபேன் ஓய்ந்து நிற்கும்வரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து, தன் முகம் அவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி, எதிரில் உட்கார்ந்தாள்.